திருப்பி வாங்காத மகள்

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுக்கு எழுதாமல் நீ வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு எழுதுகிறேன். போன் செய்தால் வாண்டுதான் ஓடி வந்து எடுக்கிறாள். "பெரியம்மா, நான்தான்!" என்று அவள் கத்தியதும் நான் பேச நினைத்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் உனக்குக் கத்தத் தோன்றாது, எனக்கு அழத் தோன்றாது.

அன்றைக்கு உன் வீட்டில் நடந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். "அம்மா, அம்மா" என்று அனத்திக்கொண்டே இருந்தாள். நான் தலையைக் கோதிவிட்டு, "அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்றேன். வாய் தவறி வந்ததா, தெரிந்தேதான் வந்ததா என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "நீங்க பெரியம்மா. எங்கம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். திரும்பினால் நீ வாசற்படியில் மருந்துப் பையோடு நிற்கிறாய்.

மறுநாள் என் பையை நீயே அடுக்கி வைத்தாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆனால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன், சொல்ல விடாமல் காய்ச்சல் வந்துவிட்டது.

வாண்டு பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்கு ரத்தப் புற்று முற்றிவிட்டது, சில மாதங்கள்தான் என்றார்கள். அவளுடைய அப்பா அதைக் கேட்ட கையோடு வேறு ஊரில் வேலை என்று போனவர், போனவர்தான். நான் அவளை உன்னிடம் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சாகப் போகிறவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். அப்புறம் சாகாமல் போய்விட்டேன். புதிதாக வந்த ஒரு மாத்திரை எனக்குக் கேட்டுவிட்டது. முதல் வருடம் டாக்டர் "பார்ப்போம்" என்றார். அடுத்த வருடம் "பரவாயில்லை, ஆனா அவசரப்பட வேண்டாம்" என்றார். அதற்கடுத்த வருடமும் "பார்ப்போம்"தான். குணமாகிவிட்டது என்று ஒருவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றைக்கே ரயிலேறி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை. இதற்குள் அவள் பேசப் பழகிவிட்டாள். உன்னை அம்மா என்றாள், என்னைப் பெரியம்மா என்றாள்.

இப்போது டாக்டரே சொல்கிறார். நாலைந்து வருடமாக ரத்தத்தில் அது கண்ணிலேயே படவில்லையாம். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமாம். நிறுத்தினவர்களில் பாதிப் பேருக்கு அது திரும்பி வருவதே இல்லையாம்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு என் மகள் வேண்டும்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

"அன்புள்ள" என்று போட மனசு வரவில்லை. பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து படித்தேன். உள்ளே யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். வெளியே நான் என் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா, முகம் வெளிறிப்போச்சு, உங்களுக்கும் பல்வலியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

"என் மகள் வேண்டும்" என்று எழுதுகிறாயே, இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கிற மாதிரி! நான் உன்னிடம் பிள்ளை கேட்டேனா? என் மகன் பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. இவளோ உன் பாலை மறக்க முடியாமல் தொண்டை கிழியக் கத்தினாள். புட்டியைக் கொடுத்தால் தட்டிவிடுவாள். அவர் இவளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்து நடந்தே ஒரு வருடத்தைத் தேய்த்தார். அவளுக்கு அம்மை போட்டபோது, கை முறிந்தபோது, பள்ளியில் ஒருத்தி "நீ கறுப்பு" என்று சொன்னதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தபோது, யார் பக்கத்தில் இருந்தது?

சத்தியம் வாங்கியது நீ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "செத்துப்போன அம்மாவை நெனச்சு ஏங்குற பொண்ணா அவ வளரக் கூடாது. நீதான் அவளைப் பெத்தவ. என்ன ஆனாலும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன். என்ன ஆனாலும் என்பதில் நீ பிழைத்து வருவதும் சேர்த்தி என்று இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

நீ பிழைத்ததில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் உலகத்தில் யாரும் இல்லை. அதை நீ நம்ப வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் "ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு" என்று நீ போன் செய்யும்போது அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயம், போனை வைத்ததும் இவள் எங்கே என்று தேடுவேன். இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

பாதிப் பேருக்குத் திரும்பாது என்றால் மீதிப் பாதிக்குத் திரும்பும். டாக்டர் அதையும் சொல்லியிருப்பார். உன் காதில் விழுந்திருக்காது.

முடியாது, அக்கா.

தங்கை

பி.கு. அவள் கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறாளாம். டீச்சர் சொன்னார். இதற்கும் உன் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. நீ மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் என்பதால் கேட்கிறேன்.


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

போனை வைத்ததும் அவளைத் தேடுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. பயம் இல்லாமல் இருந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

முதலில் கண். தூரத்து எழுத்து மட்டும் மங்கலா, புத்தகமும் மங்கலா? டிவிக்குக் கிட்டப் போய் உட்காருகிறாளா? தலைவலி உண்டா? நம் அப்பாவுக்கும் எனக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது. தெருவில் விற்கிற கண்ணாடி எதையும் வாங்கி மாட்டிவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை தானாகப் போய்ப் பெரிய தம்ளரில் தண்ணீர் பிடித்துவிடுகிறது. பிடித்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன். எட்டு வருடப் பழக்கம். நிறுத்தினால் சிலருக்கு எலும்பெல்லாம் வலிக்கும் என்றார், வலிக்கிறது. ஆனால் கண்ணிமை வீக்கம் வடிந்துவிட்டது. முன்பெல்லாம் கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி முடுக்கும்போது விரல் இழுத்துக்கொள்ளும், சின்னத் திருப்புளியைப் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு நிற்பேன், முதலாளி பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது அதுவும் இல்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் பழைய ஆள் யாரோ ஊரிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது.

நீ "முடியாது" என்றாய். சரி. மகளாக வேண்டாம். விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்கு வருகிற பெண்ணாக அனுப்பு. இரண்டு வாரம். கண்ணையும் பரிசோதித்துக் கண்ணாடியை என் கையாலேயே செய்து மாட்டி அனுப்புகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு கடிதத்தையும் காட்டினேன். படித்துவிட்டு வெளியே போய்த் துடைத்து வைத்திருந்த பைக்கையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "உங்க அக்கா கேட்டதுல தப்பு இல்ல. நீ மாட்டேன்னதுலயும் தப்பு இல்ல. எனக்கு மட்டும் எதுவும் சொல்ல உரிமை இல்ல, இல்லையா?" என்றார். பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் நடுவில் அவர் யார் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. வாண்டு என்றால் அவருக்கு உயிர். பெரியவனே சில சமயம் பொறாமைப்படுவான்.

அனுப்புகிறேன். அவரே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்.

முட்டையில் மஞ்சளைச் சாப்பிட மாட்டாள், ஒளித்து வைப்பாள், தட்டுக்கு அடியில் பார். தூக்கத்தில் பேசுவாள், பதில் சொல்லாதே, சொன்னால் விடியும்வரை கதை அளப்பாள். கடைவாயில் ஒரு பல் ஆடுகிறது. நாக்கால் நோண்டிக்கொண்டே இருப்பாள், நீயாகப் பிடுங்காதே. குளிக்கப் போனால் ஒரு மணி நேரம். எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு, சமாளித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு வார்த்தை, அக்கா. ஒரே ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

தங்கை


மே 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகள் நன்றாக இருக்கிறாள். மஞ்சள் கரு தட்டுக்கு அடியில் இல்லை, என் செருப்புக்குள் இருந்தது.

இப்போது பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு யாரிடமோ தூக்கத்தில் வழக்காடுகிறாள். பதில் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய். முதல் நாள் அது எனக்கு மறந்துவிட்டது.

நேற்று கடைக்குக் கூட்டிப்போனேன். கண் பரிசோதிக்கும் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்தேன். "இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்று கேட்டால், "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் குழப்புறீங்க" என்கிறாள். முதலாளி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். வட்டமான பழுப்புச் சட்டம் ஒன்றை அவளே எடுத்தாள். வில்லையைத் தேய்த்து ஓரம் சரிபார்த்து நான் மாட்டி முடிக்கும்வரை மேசையில் முகவாயை வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். போட்டுவிட்டேன். வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தாள். எதிர்க் கட்டிட மாடியில் துணி காய்வதைப் பார்த்து, "அந்தச் சட்டைக்குப் பட்டன் இல்லை!" என்று கத்தினாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ பெரியம்மா, உங்களுக்கு இவ்ளோ சுருக்கம் இருக்கா?"

அப்புறம் கண்ணாடி முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "உங்க மூக்குலயும் என் மூக்குலயும் கண்ணாடி ஒரே இடத்துல வழுக்குது, பாருங்க" என்றாள்.

"குடும்ப மூக்குடா அது."

"அம்மாவுக்கு இப்படி இல்லையே."

"அம்மா கொடுத்து வெச்சவ. நல்ல மூக்கு கெடச்சிருக்கு" என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன்.

இன்று மாதாந்திர ரத்தப் பரிசோதனை. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூட்டிப்போனேன். ஊசி குத்தும்போது என்னைவிட அவள்தான் முகத்தைச் சுளித்தாள். "உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்டாள். ரத்தத்தில் ஒரு கோளாறு, ரொம்ப நாளாகக் கூடவே இருந்தது, இப்போது போய்விட்டதென்று நினைக்கிறேன் என்றேன். "போனது நெசமா, இல்ல ஒளிஞ்சிருக்கான்னு பார்க்கத்தான் ரத்தம் எடுக்குறாங்களா?" என்றாள். எட்டு வருடமாக டாக்டர்கள் எனக்கு விளக்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. சாயங்காலம் பந்து விளையாடும்போது அவசரத்தில், "நீ அங்க போய் நில்லு!" என்றாள். என்னை, நீ என்று. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி பெரியம்மா, நீங்க" என்றாள். நான் ஓடிப்போய் அவள் காட்டிய இடத்தில் நின்றேன். பந்து எங்கே போனதென்று தெரியவில்லை.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அக்கா


ஜூன் 2

அக்கா,

ஏன் நாலு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டாய்? அதுவும் உன் முதலாளியின் மனைவி ஊருக்கு வருகிறார் என்று அவர் கையில் பிடித்துக்கொடுத்து! "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று வந்ததிலிருந்து கேட்கிறாள். பாத்திரம் கழுவும்போது நீ அழுதாயாம். "சோப்பு கண்ணுல பட்டுச்சு"ன்னு சொன்னாங்க, ஆனா குழாயைத் திறக்கவே இல்லை என்கிறாள்.

அவளிடம் எதையும் சொல்லிவிட்டாயா? இல்லை, வேறு ஏதாவதா? போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஒரு வரியாவது எழுது.

தங்கை


ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

நான் எதையும் சொல்லவில்லை. பயப்படாதே.

திரும்பி வந்துவிட்டது. அவள் என்னோடு வந்தபோது எடுத்த ரத்தத்தில்தான் தெரிந்தது. டாக்டர் திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. தோளில் தட்டி, "கவலைப்படாதீங்க, மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சா அடங்கிடும். முன்ன மாதிரியே இருக்கலாம்" என்றார். முன்ன மாதிரியே. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செத்துப்போகப் போகிறாய் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் சொன்னபோது நான் இப்படி உடையவில்லை. அப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது, பிள்ளையைப் பத்திரமாக ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும். இப்போது ஒன்றும் இல்லை. மாத்திரை போட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டுப் பரீட்சை முடிவுக்கு உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருக்க வேண்டும். கிழவியாகும்வரை இப்படியே இருக்கலாம். ஒரு நாள் மாத்திரை கேட்காமலும் போகலாம். இரண்டில் ஒன்று நடக்கும், எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். நல்லாத்தான் இருக்கிறேன்.

அவளிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டே பாத்திரம் கழுவிவிடலாம் என்றுதான் பார்த்தேன். பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள், துடைத்துக் கொடுக்க. என்னால் முடியவில்லை. இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் உளறியிருப்பேன். அதனால்தான் அனுப்பினேன்.

நீ சொன்னதுதான் சரி. ஆறு வாரத்துக்கு ஒரு ரிப்போர்ட், மூன்று மாதத்துக்கு ஒரு ரிப்போர்ட் என்று தவணை முறையில் உயிரோடு இருக்கிற அம்மா அவளுக்கு வேண்டாம். உன்னிடம் வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்று. அவள் உன் மகள். இனிமேல் கேட்க மாட்டேன். அடுத்த விடுமுறைக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கு அந்தப் பலம் இல்லை.

கண்ணாடி மூக்கில் இறங்கினால் காதுக்குப் பின்னால் வளைத்துவிட வேண்டும். நீயே செய்யாதே, உடைந்துவிடும். அங்கேயே யாரிடமாவது காட்டு.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். உனக்கு நோய் திரும்பி வந்திருக்கிறது, எனக்கு நிம்மதி. அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே சாகும்வரை மன்னிக்க மாட்டேன். உனக்குச் சொல்லாமல் மறைக்கவும் முடியவில்லை.

அப்புறம் கோபம் வந்தது. நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? ஒரு தடவை அவளைக் கொடுத்தாய், வாங்கிக்கொண்டேன். இப்போது இரண்டாவது தடவை கொடுக்கிறாய். இந்தத் தடவை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அப்போது நீ சாகப் போகிறாய் என்று கொடுத்தாய். இப்போது எதற்கு? நோயோடு இருக்கப் போகிறாய் என்பதற்கா? நோயோடு இருக்கிற அம்மாக்களின் பிள்ளைகள் எல்லாரும் வேறு வீட்டிலா வளருகிறார்கள்?

அவரிடம் சொன்னேன். "சத்தியம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. நான் யாருக்கும் பண்ணலை. நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்றார். எட்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டோம்.

கட்டிலில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கதவில் சாய்ந்து நின்றார். நீ யாரென்று சொன்னேன், உனக்கு என்ன வந்தது, ஏன் அவளை எங்களிடம் கொடுத்தாய், எல்லாவற்றையும். முதலில் சிரித்தாள். "போம்மா, சும்மா சொல்றே." நான் சிரிக்கவில்லை என்று பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"பெரியம்மாவுக்கு இது தெரியுமா?"

அவர் வெளியே போய்விட்டார். நான், தெரியும் கண்ணு என்றேன்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தாங்களா?"

"செத்துப்போயிடுவோம்னு நெனச்சாங்க."

"சாகலையே."

"சாகலை."

"அப்புறம் ஏன் திருப்பி வாங்கிக்கலை?"

உன் டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டது அதை அல்ல.

அன்றிலிருந்து என்னை அவள் அம்மா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. நீ, வா, போ என்று பேசினவள், "சாப்பாடு போடுங்க", "கதவைச் சாத்துங்க" என்கிறாள். நீங்களாம். என் வயிற்றில் கத்தியைச் சொருகினால்கூட இப்படி இருக்காது. அவரிடம் பேசுவதே இல்லை. பெரியவன் போய், "நான் உன் அண்ணன்தானே?" என்று கேட்டிருக்கிறான், "தெரியலை" என்றாளாம். அவன் அழுதுகொண்டு வந்தான். நீ செய்த கண்ணாடியைப் போட மாட்டேன் என்கிறாள். கரும்பலகை தெரியாமலே பள்ளிக்குப் போய்வருகிறாள். நீ போன் செய்தால் கொடுக்கவா என்றேன், தலையை ஆட்டிவிட்டாள், வேண்டாம் என்று.

நீ பயந்ததும் இதற்குத்தான், நான் பயந்ததும் இதற்குத்தான். நாம் பயந்ததைவிட அதிகமாகவே நடந்திருக்கிறது. ஆனாலும் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்காதே.

நேற்று சாயங்காலம் அவளாக என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமல், "என்னைக் கொடுத்தப்போ நான் அழுதேனா?" என்று கேட்டாள்.

நான் அப்போது கீழே ஆஸ்பத்திரி ஆபீசில் நின்றிருந்தேன். அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைக் கேட்டால், "அதை மட்டும் என்கிட்ட கேக்காதே" என்று எழுந்து போகிறார்.

உனக்குத்தான் தெரியும். அவளுக்கே எழுது. அவளைச் சமாதானப்படுத்த எதையும் சேர்க்காதே, கண்டுபிடித்துவிடுவாள்.

மாத்திரையை விடாமல் போடுகிறாய் அல்லவா?

தங்கை


ஜூலை 4

அன்புள்ள தங்கைக்கு,

போடுகிறேன். இமை மறுபடி வீங்கிவிட்டது, விரலும் இழுக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அந்த ஒரு நிமிடத்தை நான் மன்னித்துவிட்டேன். நீயும் விட்டுவிடு. உனக்கு எழுத இருப்பது அவ்வளவுதான். மீதி அவளுக்கு. படிக்க விருப்பம் இருந்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் அவள் கேட்கிற அன்றைக்குக் கொடு.

*

வாண்டு,

நீ அழவில்லை.

அன்றைக்கு என்னை ஒரு தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். என் ரத்தம் ரொம்பக் கெட்டுப்போயிருந்ததால் யாரையும் கிட்ட விட மாட்டார்கள். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதற்கு வெளியே அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்பா என்று நான் சொல்வது உன்னை வளர்த்த உன் அப்பாவை, அவரைத்தான். அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை, இரண்டு கையாலும் உன்னைப் பிடித்திருந்தார்.

அந்த வாரம்தான் நீ கை காட்டப் பழகியிருந்தாய். யாரைக் கண்டாலும் காட்டுவாய். நர்சுக்கு, தரை துடைக்கிறவருக்கு, லிஃப்ட் கதவுக்கு. என்னைப் பார்த்தும் காட்டினாய். உள்ளங்கை உன் பக்கம் திரும்பியிருக்கும், உனக்கு நீயே டாட்டா சொல்வது மாதிரி. சிரித்துக்கொண்டே காட்டினாய். எங்கோ சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்திருப்பாய்.

எனக்கு ஒரு கையில் ஊசி குத்திப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். காட்டினால் நீ இன்னும் சிரிப்பாய். நீ சிரித்தால், கொண்டுபோகாதீர்கள் என்று நான் கத்திவிடுவேன். அதனால் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டேன். நீ கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காட்டினாய். நான் காட்டவில்லை. அப்பா திரும்பி நடந்தார். அவர் தோளுக்கு மேல் உன் கை ஆடிக்கொண்டே போனது, வளைவு வரும்வரை தெரிந்தது.

ஏன் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை என்று கேட்டாயாம். நோய் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. உன்னைத் திரும்ப வாங்கி, அப்புறம் மாத்திரை கேட்காமல் போனால், இன்னொரு தடவை உன்னைக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது நீ நடப்பாய், பேசுவாய், அழுவாய். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டேன். நீ அதற்குள் வளர்ந்துவிட்டாய். இதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

என்மேல் கோபமாக இரு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு. போனை எடுக்க வேண்டாம், இங்கே வர வேண்டாம். ஆனால் உன் அம்மாவை நீங்க என்று கூப்பிடாதே. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கண்ணாடியையும் போட்டுக்கொள், கண் கெட்டுவிடும்.

நீ அழவில்லை. நான்தான் கை காட்டவில்லை.

பெரியம்மா